லோடு ஆகும் நேரம்

சித்தப்பா ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். துவைத்து அரை ஈரமாக வருகிற படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்து, மறுபக்கம் மொடமொடவென்று காய்ந்த துணியாக வாங்குகிற இயந்திரம் அவருடையது. துணியை உள்ளே கொடுக்கும்போது விரல் நுனி உருளையில் பட்டுவிடும். பட்டால் சுடும். பட்டுப் பட்டு, சுடுவதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. கொதிக்கிற டீயை டம்ளரின் விளிம்பைப் பிடிக்காமல் நடுவயிற்றைப் பிடித்துக் குடிப்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் கை பதறும்.

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். இயந்திரத்துக்காக மட்டும் வைத்ததில்லை. ஆளே இஸ்திரி போட்ட மாதிரிதான். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது, வாயிலிருந்து ஒரு சொல் விழாது.

“இவரோட குடும்பம் நடத்துறதுக்கு பீரோவோட நடத்தலாம். அதைத் திறந்தாலாவது கிரீச்சுன்னு ஒரு சத்தம் வரும்” என்று சித்தி ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு மகளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய், கொஞ்ச காலம் கழித்து ஒரு மருந்துக் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சித்தப்பா கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டாள் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

எனக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தபோது அவர் வீட்டின் முன்னறையில் தங்கிக்கொண்டேன். அதிகம் பேசாத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒருவர் மௌனத்துக்கு மற்றவர் காரணம் தேட மாட்டார்.

மகளோடு அவருக்குத் தொலைபேசி மட்டும்தான். சனிக்கிழமை பேசுவார்கள். “சாப்டியா?” “ம்.” “படிக்கிறியா?” “ம்.” “உடம்பு?” “நல்லா இருக்கு.” அதற்குமேல் இருவருக்கும் வழி தெரியாது. போனை வைத்த பிறகும் அதைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்தபடி நிற்பார். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி.

விளையாட்டைக் கொண்டுவந்தது மகள்தான். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. “அப்பா, வீட்ல என் பழைய கம்ப்யூட்டர் இருக்கா? தூக்கிப் போட்டுட்டியா?” என்று ஒருநாள் கேட்டாள். இருக்கிறது என்றார். அதில் இன்ன விளையாட்டை இறக்கு, ஹெட்ஃபோன் ஒன்று வாங்கு, மற்றதை நான் சொல்லித் தருகிறேன் என்றாள்.

இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆடுகிற விளையாட்டு அது. ஓர் ஊருக்குள் வெள்ளம் ஏறிக்கொண்டே வரும். ஜோடியாக மாடிமேல் மாடியாகத் தாவி, மற்ற ஜோடிகள் சுடுவதற்குத் தப்பி, மேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஜோடியில் இருவருடைய கம்ப்யூட்டரும் அந்த ஊரை முழுசாக லோடு செய்து முடித்தால்தான் ஆட்டம் தொடங்கும். முதலில் வந்துவிட்டவர் ஒரு கூடாரத்தில் காத்திருக்க வேண்டும்.

அவள் எப்போதும் முதலில் வந்துவிடுவாள். சித்தப்பாவின் கம்ப்யூட்டர், அவள் எழுத்துக் கூட்டிப் படித்த காலத்தில் வாங்கியது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, மேஜை விசிறியை அதற்கு நேராகத் திருப்பி ஓட விட்டால்தான் சூடேறி அணைந்துபோகாமல் இருக்கும். திரையில் ஒரு பட்டை, பாதி வழி வந்து, நின்று, யோசித்து, பிறகு நகரும். அதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

அந்த நேரத்தில் அவள் பேசினாள்.

சலவைக்கூடத்து இரைச்சலில் சித்தப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டிருந்ததால் ஹெட்ஃபோனில் சத்தத்தை முழுசாக வைத்திருப்பார். முன்னறையில் இருக்கிற எனக்கும் கேட்கும்.

“அப்பா, உன் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது. எனக்கே கேக்குது.”

“அது விசிறிம்மா.”

“எங்க வந்திருக்கு?”

“பாதி தாண்டிடுச்சு.”

“போன தடவையும் பாதியிலதான் படுத்துச்சு. சரி வா, மெதுவா வா. நான் கூடாரத்துல அடுப்பு மூட்டிட்டு இருக்கேன்.”

பிறகு அவள் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். கணக்கு டீச்சர் தன்னைக் கடைசி வரிசைக்கு மாற்றியது. நீச்சல் வகுப்பில் குதிக்கப் பயந்து வயிற்றுவலி என்று பொய் சொன்னது. உயிர்த்தோழி ஒருத்தி காரணம் சொல்லாமல் பேச்சை நிறுத்தியது. மருந்துக் கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் சாப்பிடும்போது நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி மெல்லுகிறார் என்பது. “அம்மாகிட்ட சொல்லிடாதே” என்பாள். சித்தப்பா சித்தியிடம் பேசி வருஷங்கள் ஆகின்றன என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொல்வாள். அவர் “ம்” என்பார், “அப்புறம்?” என்பார். முகம் பார்க்க வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டியதில்லை, பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எனக்குத் தெரிந்து அவர் யாரோடும் அவ்வளவு நேரம் பேச்சில் இருந்ததில்லை.

ஆட்டம் தொடங்கியதும் சித்தப்பா செத்துவிடுவார். படம் விட்டு விட்டு வரும். தாவினால் தாவியது அப்புறம்தான் தெரியும், அதற்குள் தண்ணீரில் இருப்பார். “லேக் அடிக்குதுப்பா, நீ என்ன பண்ணுவே பாவம்” என்று அவளே சமாதானம் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

“அப்பா, கோவிச்சுக்காதே. அடுத்த அப்டேட் வந்தா உன் கம்ப்யூட்டர்ல கேம் ஓடாதுன்னு சொல்றாங்க. ஸ்கூல்ல ஒரு செட் என்னை ஜோடி சேரக் கூப்பிடுது. நான் எங்க அப்பாவோட ஆடறேன்னு சொன்னேன். சிரிக்கிறாங்க.”

“அப்டேட் எப்போம்மா?”

“லீவு முடிஞ்சதும். அதுக்குள்ள நீ சரி பண்ணிட்டா நாம போட்டியில ரேங்க்குக்கு ஆடலாம். இல்லேன்னா…” என்று நிறுத்தி, “இல்லேன்னா போன்ல பேசிக்கலாம்” என்றாள்.

போனில் பேசிக்கொள்வது என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். சித்தப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு என் அறை வாசலுக்கு வந்து நின்றார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் என் அறை வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை.

“கம்ப்யூட்டரைப் புதுசு பண்ண முடியுமாடா? வேற வாங்காம?”

முதலில் தூசு தட்ட வேண்டும் என்றேன். அவர் அதை ஒரு விரிப்பில் மூட்டையாகக் கட்டிச் சலவைக்கூடத்துக்கே எடுத்துப் போய்விட்டார். இயந்திரங்களில் சேருகிற பஞ்சை ஊதித் தள்ள அங்கே காற்றுக் குழாய் ஒன்று உண்டு. அரை நாள் லீவு போட்டுக்கொண்டு நானும் கூடப் போனேன்.

துணி மடிக்கிற மேஜையில் நின்ற அக்கா மூட்டையைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். “என்ன இஸ்திரி, வீட்டு டிவியைத் துவைக்கக் கொண்டாந்துட்டியா? வெள்ளைத் துணியோட போடாதே, சாயம் போகும்.”

“பொண்ணோட விளையாடறதுக்காம்” என்றார் பாய்லர்காரர். “இந்த வயசுல.”

“விளையாடட்டுமே. நீ சீட்டாடறே, அவர் இதை ஆடறார். உன்னை மாதிரி தோத்துட்டு வந்து ஊர் மேல பாயலையே.”

சித்தப்பா குழாயைப் பெட்டிக்குள் விட்டுத் திருகினார். கறுப்பாக ஒரு மேகம் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே சாரலாகத் தண்ணீரும் வந்தது. நீராவி ஓடுகிற இடத்தில் காற்றுக் குழாயில் ஈரம் தங்கியிருக்கும். பஞ்சை ஊதும்போது அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இப்போது உள்ளே இருந்த பச்சைப் பலகை முழுக்க முத்து முத்தாக நீர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உலர்த்தும் அறையில், தலையணை உறைகள் தொங்குகிற சட்டத்தின் கீழ்த்தட்டில் வைத்தார்கள். அக்கா போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து, கைக்குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் பலகையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் வீட்டில் சுவிட்சைப் போட்டதும் அது உயிரோடுதான் இருந்தது. சோப்பு வாசனை மட்டும் கூடுதலாக வந்தது. வேகம் அதே வேகம்.

கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கடைக்காரர் பேசியே விற்கிறவர். பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சார், இதை நான் ரிப்பேர் பண்றதா, கும்பிட்டு அனுப்பறதா?” என்றார். சித்தப்பா சிரிக்காததைப் பார்த்து விஷயத்துக்கு வந்தார். ரேம் கூட்ட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு வேண்டும், செகண்ட் ஹேண்டில் நல்லதாக ஒன்று இருக்கிறது. கார்டு போட்டால் பழைய பவர் சப்ளை தாங்காது, அதையும் மாற்ற வேண்டும். முக்கியமாக இந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும்.

“அது போட்டா என்ன ஆகும்?”

“லோடு ஆகறதுங்கற பேச்சே இருக்காது சார். இந்தப் பழசு, குடோன்ல வேலை பாக்கற வயசான ஆள் மாதிரி. கேட்டா எந்திரிச்சு, கண்ணாடி தேடி, உள்ள போய், ஒவ்வொண்ணா எடுத்துட்டு வருவாரு. இது அப்படியில்ல. நீங்க வாயத் திறக்கறதுக்குள்ள மேஜை மேல இருக்கும்.”

“எல்லாத்தையும் போட்டுடுங்க” என்றார் சித்தப்பா.

அதற்காக வாரக் கடைசிகளில் கூடுதல் ஷிப்டு எடுத்தார். கம்ப்யூட்டரும் கடையில் இருந்தது. அந்த வாரங்களில் மகளோடு மறுபடி தொலைபேசிதான். “பாப்பா, இன்னும் கொஞ்ச நாள்தான்.” “சரிப்பா. பாப்பான்னு கூப்பிடாதே, பக்கத்துல எல்லாரும் இருக்காங்க.” பக்கத்தில் யார் என்று அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து செட்டோடு அவள் அப்போதே ஆடத் தொடங்கியிருந்தாள். எனக்கே புரிந்தது என்றால் அவருக்கும் புரிந்திருக்கும்.

கம்ப்யூட்டர் திரும்பி வந்த சனிக்கிழமை அவர் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். பட்டை வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. கூடாரத்தில் இருந்தார். தனியாக இருந்தார், அவள் இன்னும் வந்திருக்கவில்லை.

“அப்பா! அதுக்குள்ள வந்துட்டியா? ஏமாத்தறே!”

“இல்லம்மா, நான்தான்.”

“அய்யோ அப்பா, சூப்பர்ப்பா!”

அவர் பல்லைக் காட்டிச் சிரித்ததை அன்றைக்குப் பார்த்தேன். அடுத்த நொடி ஆட்டம் தொடங்கிவிட்டது. அவ்வளவு நாளும் சேற்றுக் குழம்பலாகத் தெரிந்த ஊர் இப்போது கண்ணாடியாகத் தெரிந்தது. கூரை ஓடுகளில் மழை தெறித்தது, எதிர் மாடியில் நிற்கிறவனுக்கு முகம் இருந்தது. சித்தப்பா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் சுட்டுவிட்டான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது ஆட்டத்திலும் முதலில் அவர்தான் செத்தார். மூன்றாவதிலும் அவர்தான்.

“அப்பா, இப்போ லேக் இல்லையே. ஏன் சுடல?”

“சுட்டேம்மா. அமுக்கினேன்.”

“இல்லப்பா. நீ அமுக்கல.”

அமுக்கியதாகத்தான் அவர் நினைத்தார். மவுஸின் பொத்தான் அந்த விரலுக்குக் கீழே இறங்கியதா இல்லையா என்பது அந்த விரலுக்குத் தெரியாது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பரவாயில்லப்பா, பழகிடும்” என்றாள். அதைப் பெரியவர்கள் சொல்கிற மாதிரியே சொன்னாள். இத்தனை நாள் குற்றம் கம்ப்யூட்டர் மேல் இருந்தது. அது இப்போது சத்தமில்லாமல் இடம் மாறி அவர் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதையும் அவர் தாங்கியிருப்பார். ஆனால் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நான் கேட்டதெல்லாம் “லெஃப்ட்ல பாரு”, “தாவு”, “குனி”, “போச்சு” மட்டும்தான். ஓர் ஆட்டம் முடிந்த சூட்டோடு அடுத்தது வந்துவிடும். ஒருமுறை நடு ஆட்டத்தில் அவராக வாய் திறந்து, “உன் ஃப்ரெண்டு பேசினாளாம்மா?” என்று கேட்டார். எத்தனை நாள் சேர்த்து வைத்த கேள்வியோ.

“அப்பா, இப்ப பேசாதே. காலடிச் சத்தம் கேக்கணும்.”

அந்த வாரமே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கனம் என்பதால் ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லுங்க சார், இன்னும் வேகம் வேணுமா?”

“அந்தப் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டிக் குடுங்க.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். “சார், ஊரே வேகம் கேட்டு என் கடை வாசல்ல நிக்குது. மெதுவா வேணும்னு வந்த முதல் ஆள் நீங்க. எஸ்எஸ்டி ஏதாவது தொந்தரவு பண்ணுதா?”

“இல்ல. நல்லாதான் இருக்கு.”

திரும்பி வருகிற வழியில், பெட்டியைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொள்ளும்போது, நான் கேட்டேன். “ஏன் சித்தப்பா?”

தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அது மெதுவா வந்தப்ப ஏதாவது பேசிட்டு இருப்பாடா.”

சனிக்கிழமை பட்டை மறுபடி பாதியில் நின்றது. சித்தப்பா நாற்காலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

“என்னப்பா, எங்க இருக்கே?”

“வந்துட்டிருக்கேம்மா. பாதிதான் ஆயிருக்கு.”

“புது சிஸ்டம்தானே?”

“என்னன்னு தெரியலம்மா. ஏதோ கோளாறு.” பிறகு அவரே, “நீ சொல்லு, ஸ்கூல்ல என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்லப்பா. இரு, நீ வர்றதுக்குள்ள நான் அவங்களோட ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்.”

அவர் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. அடுப்பு எரியவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றவில்லை என்பதால் கூடாரத்துத் துணியின் நெசவுகூடத் தெரிந்தது. அவள் திரும்பி வருகிறவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து, ஓர் ஆட்டம் ஆடி, போய்விட்டாள். அதற்கு அடுத்த வாரமும் அப்படியேதான் நடந்தது.

அதற்கும் அடுத்த வாரம், பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள். அவளுக்குப் பின்னால் வேறு குரல்கள் கேட்டன.

“அப்பா, ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. எஸ்எஸ்டி இருந்தா இப்படி லோடு ஆகவே ஆகாதாம். இவங்க சொல்றாங்க. நீ அதைக் கழட்டிட்டியா?”

சித்தப்பாவுக்குப் பொய் ஒருமுறைதான் வரும்.

“ஆமாம்மா.”

“ஏன்?”

பின்னால் இருந்த குரல்கள் நின்றன. பட்டை முக்கால் தாண்டியிருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்ன அந்த ஒரு வரி போதும். அதைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“ரொம்ப வேகமா இருந்துச்சு. எனக்கு ஒத்து வரல” என்றார்.



“ஆட இஷ்டமில்லைன்னா சொல்லியிருக்கலாம்லப்பா. இவங்க எல்லாரும் வேணாம்னு சொல்லியும் நான் உனக்காக சனிக்கிழமை வெச்சிருந்தேன். அதுக்குப் போய் கம்ப்யூட்டரைக் கெடுத்துக்குவாங்களா?”

“அப்படி இல்லம்மா…”

“பின்ன எப்படி? சொல்லு.”

அவர் வாயைத் திறந்தார். ஹெட்ஃபோனின் ஒலிவாங்கியைக் கையால் உதட்டுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார். குறை ஒலிவாங்கியில்தான் இருக்கிறது என்பதுபோல.

“பரவாயில்லப்பா. நீ கஷ்டப்படாதே. போன்ல பேசிக்கலாம்” என்றாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

பட்டை தன் போக்கில் முடிந்தது. அவர் கூடாரத்தில் இருந்தார். ஜோடி இல்லாமல் நிற்கிறவர்களுக்கு அந்த விளையாட்டே ஓர் ஆளைத் தேடிச் சேர்த்துவிடும். அப்போது ஊர் மறுபடி முதலிலிருந்து லோடு ஆகும். கொஞ்ச நேரத்தில் அறிமுகமில்லாத ஓர் ஆண் குரல் முழுச் சத்தத்தில் வந்தது.

“ஹலோ, யாரு பாஸ்? எவ்வளவு நேரமா லோடு ஆகுது. உங்க சிஸ்டம் என்ன, கட்டை வண்டியா?”

சித்தப்பா திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, முன்பின் தெரியாத அந்த ஆளிடம், நிதானமாக, ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னார்.

“பொண்ணு பேசிட்டு இருப்பான்னு மெதுவா வெச்சிருக்கேன் தம்பி.”

“என்னது?”

“பொண்ணு பேசுவா.”

“சரி சரி, கதையெல்லாம் அப்புறம். ஸ்டார்ட் ஆயிடுச்சு, வாங்க, தாவுங்க.”

சித்தப்பா தாவினார். எதிர் மாடியில் ஒருவன் நின்றான். சித்தப்பா அமுக்கினார், அமுக்கியதாக நினைத்தார். தண்ணீரில் விழுந்ததும் அந்தக் குரல் திட்ட ஆரம்பித்தது. கண் தெரியாதா, கை இல்லையா, உன்னையெல்லாம் யார் ஆட வரச் சொன்னது என்று ஆரம்பித்து, பிறகு எழுதக் கூடாத வார்த்தைகளுக்குப் போனது. நான் உள்ளே போய் அணைத்துவிடலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். ஹெட்ஃபோனைக் கழற்றாமல், கடைசி வார்த்தை வரை உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒருமுறை “ம்” என்றார்.